காருக்கு ஊற்றிய தண்ணீர்

வக்கீல் பஞ்சநதம் ஐயருடைய கார் மயிலாப்பூரிலிருந்து ஐகோர்ட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் மூன்று இடத்தில் நிற்கும். ராயப்பேட்டையில் ஒரு முறை, மவுண்ட் ரோட்டில் ஒரு முறை, கோட்டைக்குப் பக்கத்தில் கடைசியாக ஒரு முறை. ஐயர் யாரையும் பார்ப்பதற்காக நிறுத்துவதில்லை. காருக்கே கொதி வந்து நின்றுவிடும். முன்னால் இருக்கிற மூடி படபடவென்று அடித்துக்கொள்ளும், ஆவி பீறிடும். டிரைவர் லூர்துசாமி கோணித் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு இறங்கி, மூடியைத் திருகிவிட்டு எட்ட நின்றுகொள்வான். உள்ளே ஐயர் கேஸ் கட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு, தெரிந்தவர்கள் கண்ணில் படாமல் இருக்கத் தலையைக் குனிந்துகொள்வார். காரோ மிகச் சின்னது. ஐயரோ ஒன்றரை ஆள். அவர் எவ்வளவுதான் குனிய முடியும்?

பாங்கியில் உத்தியோகம் பார்த்த ஒரு வெள்ளைக்காரன் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன கார் அது. நாலு பேர் உட்காரலாம் என்று சொல்லித்தான் விற்றான். வாங்கின வருஷம் மாட வீதியே வந்து பார்த்தது. கபாலி கோயில் அர்ச்சகர் கற்பூரம் காட்டி எலுமிச்சம்பழம் நசுக்கினார். அதெல்லாம் மார்கழிக் குளிரில் நடந்தது. பங்குனி பிறந்ததும் காரின் சுயரூபம் தெரிந்தது.

லூர்துசாமிக்கு அந்தக் காரை விட்டால் வேறு கதி கிடையாது. சாந்தோம் குப்பத்தில் பிறந்தவன். அவன் வயதுக்காரர்கள் எல்லோரும் கட்டுமரத்தில் போகிறார்கள், அவன் ஒருவன்தான் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு மயிலாப்பூருக்குப் போகிறான். காரணம் அவன் பெண்டாட்டி தேசம்மா. அவளுடைய அண்ணன்மார் இரண்டு பேரும் ஒரே மரத்தில் போய், ஓர் ஐப்பசிப் புயலில் திரும்பி வரவேயில்லை. மரம் மட்டும் நாலாம் நாள் அடையாற்று முகத்துவாரத்தில் ஒதுங்கியது. லூர்துவைக் கட்டிக்கொள்ளும்போது அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். கோயிலுக்கு அழைத்துக்கொண்டு போய், மாதா முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி, இனிமேல் மரத்தில் கால் வைப்பதில்லை என்று அவனைச் சொல்ல வைத்தாள். அவனும் சொல்லிவிட்டு, அடையாற்றில் ஒரு துரை பங்களாவில் கார் துடைக்கப் போய், துடைத்துத் துடைத்தே ஓட்டவும் கற்றுக்கொண்டான். தேசம்மா கூடை மீன் விற்றாள். ராத்திரி அவன் பக்கத்தில் படுத்திருக்கிறான் என்பதே அவளுக்குப் பெரிய சம்பத்தாக இருந்தது.

முப்பத்து நாலாம் வருஷம் பங்குனி மாதம் ஒரு நாள், கார் மவுண்ட் ரோட்டில் நின்றது நின்றபடி அரை மணி நேரம் நகர மறுத்துவிட்டது. அன்று சாயங்காலம் ஐயர் கொல்லைப்பக்கத்துக் கொட்டகைக்கே வந்துவிட்டார். மாட்டுக் கொட்டகையை இரண்டாகத் தடுத்து ஒரு பக்கம் மாட்டுக்கும் மறு பக்கம் காருக்கும் விட்டிருந்தார்கள்.

"ஏண்டா லூர்து, இன்னிக்குக் கோர்ட்டுல என்ன ஆச்சு தெரியுமோ? கேஸைக் கூப்பிட்டாச்சு. நான் உன் காரோட நடுத்தெருவுல நின்னுண்டிருக்கேன். எதிர்க்கட்சி வக்கீல் ட்ராம்ல தொத்திண்டு வந்து ஜெயிச்சுண்டு போயிட்டான்."

"தப்புதாங்க சாமி."

"உன் தப்புன்னு சொல்லலை. ஆனா இது இனிமே சரிப்படாது. ஜலஜாவுக்குச் சித்திரைக் கடைசின்னு சொல்லியிருக்கா. குழந்தை குறுக்கே கிடக்காம். ஆத்துல வச்சுக்கவே கூடாது, வலி எடுத்த உடனே எழும்பூர் ஆஸ்பத்திரிக்கு அழைச்சுண்டு வந்துடணும்னு லேடி டாக்டர் கண்டிப்பாச் சொல்லிட்டா. இந்த டப்பாவை நம்பி நான் பொண்ணை எப்படி ஏத்தறது சொல்லு?"

ஜலஜா ஐயருடைய ஒரே பெண். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள்.

"ஒண்ணு, இதைச் சரி பண்ணு. இல்லையா, வித்துட்டு ஜட்காவுக்கே திரும்பிடறேன். கார் இல்லேன்னா டிரைவர் எதுக்குன்னு நீயே யோசிச்சுக்கோ."

"சரி பண்ணிடலாங்க சாமி," என்றான் லூர்து. எப்படி என்று அவனுக்கே தெரியாது.

மறுநாள் காரைப் புதுப்பேட்டைக்கு ஓட்டிக்கொண்டு போனான். அங்கே லேத்துப் பட்டறை இனாயத் சாயபு அவனுக்குச் சிநேகிதன். இனாயத் ரேடியேட்டரைக் கழற்றித் தரையில் போட்டு, ஒரு கம்பியை உள்ளே விட்டுக் குத்தினான். பொலபொலவென்று வெள்ளையாக உதிர்ந்தது.

"இன்னா லூர்து, இது ரேடியேட்டரா, உப்பளமா?"

"ஐயரூட்டு கொல்லக் கெணத்துத் தண்ணி நைனா. கடலுக்குக் கிட்டக்க கீது. வாயில வைக்க முடியாது."

"அப்பறம் அத ஏன் ஊத்துற?"

"வேற எதத் தொட வுடுவாங்க?"

இனாயத் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு இஞ்சினைச் சுற்றி வந்தான். அவனுக்கு இஞ்சினைப் பார்த்தால் எதிரில் ஆள் நிற்கிறது என்பதே மறந்துபோகும்.

"இதுல பம்பே கெடையாது பாரு. தண்ணி சூடாச்சின்னா தானா மேல ஏறும், ரேடியேட்டருக்குள்ள பூந்து, ஆறிப்போயி கீழ எறங்கும். அவ்ளோதான் சூட்சுமம். பனி பெய்யிற ஊருக்கு அது போதும். இங்க வாசல்ல வச்ச சொம்புத் தண்ணியே கொதிக்குது. தானா ஏறி தானா எறங்குன்னா எப்டி எறங்கும்?"

"பம்பு வச்சிப்புடலாமா?"

"வைக்கலாம். அல்லா புண்ணியத்துல வேல செஞ்சாலும் செய்யும். செய்யலன்னா என்னியத் திட்டக் கூடாது."

ஒன்பது நாள் அந்த வேலை நடந்தது. ஐயர் ட்ராமில் கோர்ட்டுக்குப் போனார். பழைய லாரி ஒன்றிலிருந்து கழித்துப் போட்ட பம்பின் கூட்டை இனாயத் எடுத்துக் கடைந்து சின்னதாக்கினான். உள்ளே சுற்றுகிற இறக்கையைப் பித்தளையில் புதிதாக வார்த்தான். இஞ்சின் தலையிலிருந்து வெந்நீர் வெளியே வருகிற வாயில் அதைப் பொருத்தி, விசிறி பெல்ட்டோடு சேர்த்துச் சுற்ற விட்டார்கள். ரேடியேட்டரை அமிலம் ஊற்றிக் கழுவி, அதன் தலையில் பித்தளைத் தகட்டை வளைத்துப் பற்றவைத்து நாலு விரல் உயரம் கூட்டினார்கள். உலைச் சூட்டில் இரண்டு பேருக்கும் முதுகு வெந்தது. மத்தியானம் இனாயத் வீட்டிலிருந்து வந்த ரொட்டியையும் தேசம்மா கட்டிக் கொடுத்த நெத்திலிக் குழம்பையும் ஒரே தட்டில் போட்டுத் தின்றார்கள். அந்த ஒன்பது நாளும் லூர்து சந்தோஷமாக இருந்தான் என்றே சொல்ல வேண்டும். கையில் எண்ணெயும் வயிற்றில் சோறும் இருக்கும்போது மனிதனுக்கு நாளைக் கவலை அவ்வளவாக உறைப்பதில்லை.

கடைசி நாள் இனாயத் பம்பின் உச்சியில் இருந்த ஒரு சின்னத் திருகைத் தொட்டுக் காட்டினான்.

"ஒண்ணு சொல்றேன், காதுல வாங்கிக்கோ. முன்னல்லாம் தண்ணி தானா போச்சு. இனிமே பம்பு தள்ளினாத்தான் போவும். பம்புக்குள்ள காத்து மாட்டிக்கிச்சின்னா அது சும்மா சுத்திக்கினே கெடக்கும், தண்ணி நவுறாது. மூடியத் தொறந்து பாத்தா ரொம்பி வழியிற மாதிரிதான் தெரியும், உள்ள காலி. அதனால தண்ணிய எறக்கிட்டுப் புதுசா ஊத்தும்போது இந்தத் திருகத் தொறந்து வையி. பொஸ்ஸு பொஸ்ஸுன்னு காத்து வரும். அப்பறம் நூல் புடிச்சாப்ல தண்ணி வரும். வந்தாத்தான் மூடணும்."

"சரி நைனா."

"இன்னொண்ணு. உப்புத் தண்ணி ஊத்துன, உன்ன இந்தப் பக்கம் சேக்க மாட்டேன். நல்ல தண்ணிதான் ஊத்தணும்."

அங்கேதான் சிக்கல் வந்தது. ஐயர் வீட்டில் நல்ல தண்ணீர் இல்லாமல் இல்லை. நடு முற்றத்துக் கிணற்றில் இளநீர் மாதிரித் தண்ணீர். ஆனால் அது மடியாக எடுக்கிற தண்ணீர். லூர்துவின் நிழல்கூட அந்தப் பக்கம் போனதில்லை. மாட வீதிக் குழாயில் அவன் குடம் வைத்தால் தெருவே திரண்டுவிடும். கொல்லைக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு ஐயரின் மனைவி கோமளத்திடம் கேட்டுப் பார்த்தான்.

"யம்மா, காருக்கு நல்ல தண்ணி ஊத்தணும்னு சொல்றாங்கம்மா. யாராச்சும் எடுத்துக் கொல்லையில வச்சா நான் ஊத்திக்குவேன்."

கோமளம் சிரித்துவிட்டாள். "நன்னாருக்கு போ. சுவாமி நைவேத்தியத்துக்கு எடுக்கற ஜலம்டா அது. கொல்லைக் கிணத்துல எவ்வளவு வேணா எடுத்துக்கோ, யார் வேண்டாங்கறா? மாடு அதைத்தானே குடிக்கறது."

"மாட்டுக்கு ஆவும்மா. காருக்கு ஆவாது."

"மாட்டை விடவா உசத்தி?" என்று கேட்டுக்கொண்டே அவள் உள்ளே போய்விட்டாள்.

கோமளம் கெட்டவள் என்று நினைத்துவிடக் கூடாது. பண்டிகைக்குப் பண்டிகை அவனுக்கு வடையும் பாயசமும் எடுத்துவைப்பாள். தேசம்மா காய்ச்சலில் கிடந்தபோது மருந்து கொடுத்தனுப்பினாள். ஆனால் தண்ணீர் வேறு விஷயம். அது அவள் ஏற்படுத்தினதும் அல்ல, அவளால் மாற்றக்கூடியதும் அல்ல என்றுதான் அவள் நினைத்தாள். நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டாள்.

அன்று வீட்டில் லூர்து சோற்றைப் பிசைந்துகொண்டே இதைச் சொன்னான். தேசம்மா கருவாட்டைச் சுட்டுக்கொண்டிருந்தாள்.

"நம்ம குப்பத்துக் கொழாத் தண்ணி நல்லாத்தானே கீது?" என்றாள்.

"இருந்தா?"

"நான் மீன் கூடைய எடுத்துக்கினு மயிலாப்பூரு பக்கந்தானே வர்றேன். தலையில கூடை, இடுப்புல கொடம். சந்துப் பக்கமா வந்து கொட்டாயாண்ட வச்சிட்டுப் போறேன்."

"யாராச்சும் பாத்தா?"

"பாத்தா இன்னா? தண்ணிதானே? மீனையா அவுங்க காருல ஊத்தப் போற?"

அப்படித்தான் ஏற்பாடு ஆயிற்று. இரண்டு நாளைக்கு ஒரு குடம். வழியெல்லாம் கூவி விற்றுக்கொண்டு வருகிறவள் சந்து முனையில் வாயை மூடிக்கொண்டுவிடுவாள். குடத்தைக் கொட்டகை ஓரம் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போவாள். லூர்து அதைத் துணியால் வடிகட்டி ஊற்றுவான். பம்பின் திருகைப் பற்றி அவன் யாரிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொல்வது? காரைத் தொடுகிறவன் அவன் ஒருவன்தானே என்று நினைத்தான். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பம்பு வேலை செய்தது. சும்மா சொல்லக்கூடாது, அற்புதமாக வேலை செய்தது. சித்திரை வெயிலில் தார் உருகி டயரில் ஒட்டுகிறது. கார் மூச்சு விடாமல் ஐகோர்ட்டு வரைக்கும் போகிறது. முதல் நாள் மவுண்ட் ரோட்டைத் தாண்டும்போது ஐயர் பழக்க தோஷத்தில் தலையைக் குனிந்துகொண்டார். கார் நிற்கவில்லை என்று தெரிந்ததும் மெல்ல நிமிர்ந்து, வெளியே பார்த்து, எதிரே ட்ராமில் வந்த ஒருவருக்குக் கும்பிடு போட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் ஜலஜாவை அடையாறுப் பாலம் வரைக்கும் காற்று வாங்க அழைத்துப் போனார்கள். ஜலஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "லூர்து, மெதுவாப் போ. இவன் உதைக்கறான்," என்பாள். உள்ளே இருப்பது பையன்தான் என்று அவள் முடிவுகட்டியிருந்தாள்.

"பிரசவம் நல்லபடியா ஆகட்டும். உனக்குப் புதுச் சட்டை தைச்சுத் தரேன்," என்றார் ஐயர். அவர் அப்படியெல்லாம் பேசுகிறவர் அல்ல.

கத்திரி பிறந்து நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. லூர்து காலையில் பூசைக்குப் போய்விட்டு, வீட்டில் சாப்பிட்டுக் கையைக் கழுவிக்கொண்டிருந்தான். மணி பன்னிரண்டு இருக்கும். ஐயர் வீட்டு மாட்டுக்காரன் மண்ணாங்கட்டி மணலில் கால் சுடச் சுட ஓடி வந்தான்.

"லூர்து, ஓடியா! சின்னம்மாவுக்கு வலி கண்டுகிச்சி!"

இரண்டு பேரும் ஓடினார்கள். லூர்து சட்டைப் பொத்தான்களை ஓடிக்கொண்டே போட்டான். அவசரத்திலும் அவன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்க்க மறக்கவில்லை. தண்ணீர் கழுத்து வரைக்கும் இருந்தது. மூடினான். பம்புத் திருகை அவன் தொடவில்லை. முந்தாநாள் தண்ணீர் ஊற்றும்போது அவனே திறந்து, அவனே மூடியது.

ஜலஜாவைக் கோமளம் அணைத்துப் பிடித்துப் பின்னால் ஏற்றினாள். ஐயர் முன்னால் உட்கார்ந்தார். லஸ் முனையைத் தாண்டும்போது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ராயப்பேட்டையில் திரும்பினதும் லூர்துவின் மூக்குக்கு ஒரு வாசனை வந்தது. சூடான பெயிண்ட் வாசனை. பிறகு கால் பக்கம் அனல் அடித்தது.

"சாமி, கொஞ்சம் நிறுத்திப் பாக்கணும்."

"நிறுத்தாதே!" என்று பின்னாலிருந்து கோமளம் கத்தினாள். ஜலஜா எதையோ பல்லில் கடித்துக்கொண்டு முனகினாள். "ஓட்டுடா! தெய்வமா நினைச்சுக் கேக்கறேன், ஓட்டு!"

அவன் ஓட்டினான். ஆவி வரவில்லை, அதுதான் அவனுக்குப் புரியவில்லை. பழைய கொதியாக இருந்தால் மூடி இந்நேரம் ஆடியிருக்கும். இஞ்சின் கரகரவென்றது, பிறகு இழுக்க மாட்டாமல் உறுமியது, பிறகு நடுத்தெருவில் உள்ளே ஏதோ கவ்விக்கொண்டு அப்படியே நின்றது. கைப்பிடி போட்டுச் சுற்றினான். அசையவில்லை. இறங்கித் தள்ளினான். ஐயரும் அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு தள்ளினார். உயரமான மதில் வைத்த பங்களாக்களுக்கு நடுவில், ஆள் நடமாட்டமே இல்லாத நட்டநடு வெயில். வேப்பமரத்து நிழல்கூட மரத்தடியோடு சுருண்டுகிடந்தது.

லூர்து ஜட்கா தேடி ஓடினான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எந்தக் குதிரை தெருவில் நிற்கும்? ஒரு லாயத்தில் வலியுல்லா என்கிறவன் குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். அவன் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, வண்டி பூட்ட வைத்து, முன்னால் ஏறிக்கொண்டு திரும்பி வர அரை மணிக்கு மேல் ஆகிவிட்டது. ஜலஜாவைத் தூக்கி ஜட்காவில் படுக்க வைத்தார்கள். அவளுக்குக் கத்தக்கூடத் தெம்பு இல்லை. கோமளம் ஏறும்போது லூர்துவின் முகத்தைப் பார்க்கவில்லை. ஐயர் பார்த்தார். பிறகு ஏறிக்கொண்டார்.

தெருவில் காரும் லூர்துவும் மட்டும் நின்றார்கள். இஞ்சின் ஆறுகிற வரைக்கும் அவன் மதில் ஓரமாகக் குந்தியிருந்தான். பிறகு எழுந்து பம்புத் திருகைத் திறந்தான். தண்ணீர் வரவில்லை. காற்றுதான் பொஸ்ஸென்று வந்தது. நிறைய வந்தது. நான் மூடும்போது நூல் பிடித்த மாதிரித் தண்ணீர் வந்ததே! ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை விட்டு நாக்கில் வைத்தான்.

உப்புக் கரித்தது.

அந்த வீட்டில் மூன்று வருஷமாக அவன் கை கழுவின தண்ணீர். ஐயர் வீட்டுக் கொல்லைக் கிணற்றுத் தண்ணீர். யாரோ ரேடியேட்டரின் அடிக்குழாயைத் திறந்து அவன் ஊற்றியதை இறக்கிவிட்டு, இதை ஊற்றியிருக்கிறார்கள். திருகு ஒன்று இருப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

சாயங்காலம் மாடு கட்டுகிற கயிற்றோடு மண்ணாங்கட்டி வந்தான். இரண்டு பேருமாகக் காரை இழுத்துக்கொண்டு போனார்கள். லஸ் முனையில் மூச்சு வாங்க நின்றபோது லூர்து கேட்டான்.

"காருத் தண்ணிய யார் மாத்துனது?"

மண்ணாங்கட்டி கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லு மாமா."

"அம்மாதான் சொன்னாங்க. உன் பொண்டாட்டி கொடத்த வச்சிட்டுப் போனத முந்தாநேத்து மாடியிலேர்ந்து பாத்துட்டாங்க. மீன் கூடையோட வந்த தண்ணி, புள்ளத்தாச்சிப் பொண்ணு ஏறிக்கினு கோயிலுக்குப் போற வண்டி, எப்டிடா ஒத்துக்கறதுன்னாங்க. ஐயா காதுல வுழுந்தா உன்னத் தொரத்திப்புடுவாரு, பாவம், நல்ல பையன், அவன் சர்ச்சுக்குப் போற நேரம் பாத்து நீயே மாத்தி ஊத்திடு, அவனாண்டயும் சொல்லாதன்னாங்க. நான் ரொப்பிதாம்பா ஊத்துனேன். வழியிற வரைக்கும் ஊத்துனேன்."

"தெரியும். ரொம்பித்தான் இருந்திச்சி."

"அதனாலயா நின்னுச்சி?"

லூர்து கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டான். வீட்டு வாசலில் நாலைந்து பேர் கூடி நின்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆண் குழந்தை. ஜலஜாவை ஜட்காவிலிருந்து இறக்கும்போதே வயிற்றில் அசைவு இல்லை. இன்னும் ஓர் அரை மணி முன்னால் வந்திருந்தால் என்று லேடி டாக்டர் சொன்னாளாம். அதை ஒவ்வொருவராக அடுத்தவருக்குச் சொன்னார்கள். தாய் பிழைத்துவிட்டாள்.

வீட்டுக்குப் போய் அவன் சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்தான். தேசம்மா விஷயத்தைக் கேட்டதும் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"நீ ஐயராண்ட போயிச் சொல்லு. தண்ணிய மாத்துனது அவுரு பொண்டாட்டின்னு சொல்லு."

"முன்ன இன்னா தண்ணி இருந்திச்சின்னு கேப்பாரு."

"சொல்லு. இன்னா இப்ப?"

"உன் கொடத்துத் தண்ணின்னு சொல்றதா? அதச் சொன்னா, அதான் புள்ள செத்துச்சிம்பாங்க."

"நான்தான் சொன்னேன், கொண்டாறேன்னு," என்றாள் தேசம்மா.

"உன்ன யார் சொன்னா? நான் அந்தத் திருகப் பத்தி ஒரு வார்த்த மண்ணாங்கட்டியாண்ட சொல்லி வச்சிருக்கணும். சொல்லல. என் வண்டின்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

வெளியே அலை சத்தம் கேட்டது. இரண்டு பேருக்கும் அது என்ன சொல்கிறது என்று தெரியும், அதனால் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஐந்து நாள் கழித்து ஐயர் ஆள் அனுப்பினார். அவர் திட்டியிருந்தால் லூர்துவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டே பேசினார்.

"அந்தப் பம்பைக் கழட்டிடு. பழைய மாதிரியே பண்ணி வச்சுடு. வாங்கிக்கறதுக்கு ஒத்தன் வரான், அவனுக்கு இதெல்லாம் பிடிக்கலையாம். பண்ணிட்டு சாவியை ஆணியில மாட்டிட்டுப் போ."

"சரிங்க சாமி."

"நீ நல்லவன்தான். நான் ஒண்ணும் சொல்லலை." அவ்வளவுதான் அவர் பேசினது.

கொட்டகையில் வெயில் ஓலை இடுக்குகளில் இறங்கியிருந்தது. இஞ்சின் ஆறினபின் கவ்வல் விட்டிருந்தது. கைப்பிடி போட்டால் முனகிக்கொண்டு சுற்றியது. லூர்து பெல்ட்டை அவிழ்த்தான். ஒன்பது நாள் செய்த வேலையைக் கழற்ற அரை நாள் போதுமானதாக இருந்தது. பம்பைக் கையில் எடுத்தபோது இறக்கையை விரலால் சுற்றிப் பார்த்தான். வழுக்கிக்கொண்டு சுற்றியது. ஒரு குறையும் இல்லை. அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்குக் கோபம் வந்தது. சொல்லிவிட்டால் என்ன? ஐயரிடம் வேண்டாம், அந்த அம்மாளிடமாவது சொல்லிவிட வேண்டும். நான் வைத்த பம்பு நன்றாகத்தான் இருந்தது, உங்கள் வீட்டுத் தண்ணீர்தான் நிறுத்தியது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் போவது என்று முடிவு செய்துகொண்டான். இரண்டு முறை மனசுக்குள் சொல்லியும் பார்த்துக்கொண்டான்.

கொல்லைக் கதவு திறந்தது. கோமளமே வந்தாள். ஐந்து நாளில் பாதியாகியிருந்தாள். ஒரு கையில் வெள்ளிச் சொம்பு. இன்னொரு கையில் வாழையிலையில் சுற்றின மல்லிகைப்பூ, தொடுக்காமல் உதிரியாக. அந்த வீட்டில் இப்போது தலையில் பூ வைத்துக்கொள்கிறவர்கள் யாரும் இல்லை. பால் வற்றுவதற்காக ஜலஜாவின் மார்பில் வைத்துக் கட்டுகிற பூ அது. லூர்துவின் அக்காளுக்கும் ஒரு தடவை அப்படிக் கட்டியிருக்கிறார்கள். உள்ளேயிருந்து ஜலஜா எதற்கோ அம்மாவைக் கூப்பிட்டாள். மிகவும் மெல்லிய குரல். கோமளம் திரும்பவில்லை.

"லூர்து."

"யம்மா."

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்." அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "தண்ணியை மாத்தி ஊத்தினா வண்டி நின்னுடுமோ?"

அவன் அவளைப் பார்த்தான். கையிலிருந்த பூவைப் பார்த்தான். சொல்ல வேண்டும் என்று வைத்திருந்ததெல்லாம் வாய் வரைக்கும் வந்தது. அவள் மூச்சு விடாமல் நின்றாள்.

"இல்லீங்கம்மா," என்றான். "தண்ணியில ஒண்ணுமில்ல. பம்பு கோளாறு. நான் வச்சது சரியில்ல."

கோமளம் கண்ணை மூடினாள். வெகுநேரம் தாங்கிப் பிடித்த எதையோ கீழே இறக்கிவைத்த மாதிரி அவள் தோள் தளர்ந்தது. சொன்னதற்காக அவன் வருத்தப்படவில்லை அப்போது. ஆனால் அவள் கண்ணைத் திறந்து பேசினாள்.

"நானும் அதைத்தான் நினைச்சேன். அந்தப் பம்புதான். இருந்ததை இருந்தபடி விட்டிருந்தா என் பேரன் இருந்திருப்பான். ஏண்டா வச்சே?"

குரலில் கோபம்கூட இல்லை. நிஜமாகவே கேட்டாள். லூர்து பம்பைக் கோணிக்குள் வைத்துக் கட்டினான். முடிச்சு விழ மாட்டேன் என்றது. மறுபடி போட்டான்.

"வெயில்ல வேலை பண்ணியிருக்கே. தீர்த்தம் குடி," என்றாள் கோமளம். "முத்தத்துக் கிணத்து ஜலம்."

அவன் குனிந்து இரண்டு கையையும் சேர்த்து வாயருகே வைத்துக்கொண்டான். அவள் இரண்டு முழ உயரத்திலிருந்து, ஒரு சொட்டும் தன் மேல் தெறிக்காமல், சீராக ஊற்றினாள். நூல் பிடித்த மாதிரி வந்தது. தாகமாகத்தான் இருந்தது, அதனால் சொம்பு காலியாகிற வரைக்கும் குடித்தான். மூன்று வருஷத்தில் முதல் தடவை. நல்ல தண்ணீர், இனித்தது.

"போறேங்கம்மா," என்று சொல்லிவிட்டு, சாவியை ஆணியில் மாட்டி, கோணியைத் தோளில் போட்டுக்கொண்டு சந்து வழியாக நடந்தான். குப்பத்துக் குழாயடியில் தேசம்மா கூடையும் குடமுமாக நின்றுகொண்டிருந்தாள். இனிமேல் குடம் வேண்டாம் என்பது அவளுக்கு நினைவில்லை, பழக்கத்தில் நிரப்பிவிட்டாள். அவன் தோளில் இருந்த கோணியைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. குடத்தைச் சாய்த்தாள். தண்ணீர் மணலில் ஊறி மறைந்தது. கரையில் யாரோ விடியற்காலைக்காக மரங்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இன்னும் ஓர் ஆள் வேண்டும் என்று அவனைப் பார்த்துக் குரல் கொடுத்தார்கள்.